ரத்தப் பரிசோதனையில் மறதி நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?



சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். ரத்தசோகைக்கும் அப்படித்தான். அதே மாதிரி, வயதானவர்களுக்கு வரும் மறதி நோயையும் ரத்தத்தை வைத்தே சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க விஞ்ஞானிகள் விடை தேடி வருகிறார்கள். இப்போது ஓரளவுக்கு விடை கிடைத்திருக்கிறது. அது என்ன, நமக்கு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

"இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரங்க வியாதி, நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறதாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆக, கிராமத்துப் பெண்களான நாம் பேச வேண்டிய விஷயம்தான் இது.

எது சாதாரண மறதி, எது நோய்?

கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது, பக்கத்து ஊர்க்காரர் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது, இதெல்லாம் வயதானால் எல்லோருக்கும் வரும். பயப்பட வேண்டியதில்லை.

நாற்பது வருஷமாகக் குழம்பு வைத்த கை, புளி கரைத்து ஊற்றினோமா இல்லையா என்று தடுமாறுகிறது. ரேஷன் கடைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ரூபாய் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட முடியவில்லை. இந்த மாதிரி, தினசரி வேலையே கெட்டுப்போகிற அளவுக்கு மறதி வந்து, அது மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதைத்தான் டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அதில் பல வகை உண்டு. 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு இருப்பது அல்சைமர் என்ற வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வருவது இன்னொரு வகை.

நோய் என்று தெரியாததால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மதியம் சாப்பிட்ட மாமியார் அதை மறந்துவிட்டு, "மருமக எனக்குச் சோறே போடல" என்று தெருவில் சொல்கிறார். மருமகள் கெட்ட பேர் வாங்குகிறாள். சுருக்குப் பையைத் தானே ஒளித்து வைத்துவிட்டு, "என் காசை எடுத்துட்டாங்க" என்று அழுகிறார். மகனும் மருமகளும் சண்டை போடுகிறார்கள். குழுக் கூட்டத்திலும் இது நடக்கும். "போன வாரமே சேமிப்பு கட்டிட்டேன்" என்று ஒரு பாட்டி சத்தியம் செய்வார், நோட்டில் வரவு இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை, மருமகளும் கொடுமை செய்யவில்லை. நடுவில் ஒரு நோய் இருக்கிறது. அது நோய்தான் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் பாதிச் சண்டை நின்றுவிடும். அதனால்தான் நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

மூளைக்குள்ளே என்ன நடக்கிறது?

1901-ல் ஜெர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகரத்து மருத்துவமனைக்கு ஔகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியைச் சேர்த்தார்கள். கடுமையான மறதி, புருஷன் மேல் சந்தேகம், தன் பெயரை எழுதச் சொன்னால்கூட எழுதி முடிக்க முடியாத நிலை. அவரைக் கவனித்த டாக்டரின் பெயர் அலாய்ஸ் அல்சைமர். 1906-ல் அந்த அம்மா இறந்த பிறகு, அவருடைய மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே படை படையாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கு விழுந்த மாதிரி முடிச்சுகள் இருந்தன. அந்த டாக்டரின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள்.

அந்தப் படிவும் முடிச்சும் என்ன என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டுமே புரதங்கள். புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற சத்து என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். நம் உடம்பும் தனக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மூளையில் படிகிற புரதத்துக்கு அமிலாய்டு என்று பெயர். முடிச்சாகிற புரதத்துக்கு டாவ் என்று பெயர். அமிலாய்டு எல்லோர் மூளையிலும் உண்டாகி, கழிந்து போய்க்கொண்டே இருக்கும். அல்சைமர் நோயில் அது கழியாமல் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே இந்தப் படிவு ஆரம்பித்துவிடுகிறது.

பூட்டிய வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வழி

டாக்டர் அல்சைமர் இறந்தவரின் மூளையைப் பார்த்தார். உயிரோடு இருப்பவருக்கு எப்படிப் பார்ப்பது? அதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, முதுகுத் தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடும் தண்டுவட நீரை எடுத்துப் பரிசோதிப்பது. இன்னொன்று, பெட் ஸ்கேன். அமிலாய்டு மேல் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். படிவு இருக்கிற இடம் படத்தில் தெரியும்.

இரண்டுமே நல்ல பரிசோதனைகள். ஆனால் முதுகில் ஊசி என்றாலே பலரும் பயப்படுகிறார்கள். பெட் ஸ்கேனுக்குச் செலவு அதிகம், பெரிய நகரங்களில்தான் உண்டு. அதனால், எந்த ஊரிலும் எடுக்கக்கூடிய ரத்தத்திலேயே அடையாளம் தேட ஆரம்பித்தார்கள்.

பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், கதவைத் திறக்க முடியாது. வெளியே வரும் சாக்கடைத் தண்ணீரைப் பார்த்தால் ஓரளவு தெரியும். அரிசி கழுவிய தண்ணியா, துணி துவைத்த தண்ணியா என்று சொல்லிவிடலாம். மூளையிலிருந்தும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் புரதம் ரத்தத்துக்கு வருகிறது. அதைப் பார்த்து மூளையின் நிலைமையைச் சொல்ல முடியுமா என்பதுதான் யோசனை.

ஏன் இத்தனை வருஷம் ஆனது?

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ரத்தத்தில் ஏற்கெனவே ஏராளமான புரதங்கள் மிதக்கின்றன. கல்லீரல், தசை, எலும்பு என்று எல்லா இடத்திலிருந்தும் வருகின்றன. அதற்கு நடுவில் மூளைப் புரதத்தைத் தேடுவது, கேழ்வரகு மூட்டையில் விழுந்த ஒரு கடுகைத் தேடுகிற மாதிரி. அளவும் ரொம்பக் குறைவு. ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒரு மில்லி ரத்த நீரில் சில புரதங்கள் இருக்கும்.

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு, ரத்தத்தில் 18 புரதங்களைச் சேர்த்துப் பார்த்தால் அல்சைமரைக் கண்டுபிடிக்கலாம் என்று அறிவித்தது. பெரிய செய்தியானது. ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. 2014-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,148 பேரின் ரத்தத்தைச் சோதித்து, 10 புரதங்களை அடையாளம் காட்டினார்கள். லேசான மறதி உள்ளவர்களில் யாருக்கு அது நோயாக முற்றும் என்பதை 100-க்கு 87 சரியாகச் சொல்ல முடிகிறது என்றார்கள். அதுவும் ஆஸ்பத்திரிப் பரிசோதனையாக வரவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. "ரத்தப் பரிசோதனை கண்டுபிடிப்பு" என்று பேப்பரில் தலைப்பு வருவதற்கும், நம்ம ஊர் டாக்டர் அதை நம்பி எழுதிக் கொடுப்பதற்கும் நடுவில் பல வருஷம் இருக்கிறது. ஒரு இடத்தில் கிடைத்த முடிவு, வேறு இடத்தில், வேறு ஆட்களிடம், வேறு கருவியிலும் கிடைக்க வேண்டும். நம் குழுக் கணக்கை வெளியாள் வந்து தணிக்கை செய்கிற மாதிரிதான்.

கடைசியில் எப்படிக் கிடைத்தது?

பத்து, பதினெட்டு புரதம் என்று தேடியதை விட்டுவிட்டு, மூளையில் நோயை உண்டாக்கும் அதே அமிலாய்டையும் டாவையும் ரத்தத்தில் நேரடியாக அளக்க முயற்சி செய்தார்கள். அவ்வளவு நுணுக்கமாக அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான் இது முடிந்தது. 2018-ல் ஜப்பான், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து ரத்தத்தில் அமிலாய்டை அளந்து காட்டினார்கள். 2020-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஆய்வில், பி-டாவ் 217 என்ற ஒரு வகை டாவ் புரதம், அல்சைமரை மற்ற மறதி நோய்களிலிருந்து நன்றாகப் பிரித்துக் காட்டியது. ஸ்வீடன், அமெரிக்கா, கொலம்பியா மூன்று நாட்டிலிருந்தும் 1,402 பேர் அதில் கலந்துகொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோய் இருந்தால் ரத்தத்தில் பி-டாவ் கூடும், ஆனால் ஒட்டிக்கொள்ளும் வகை அமிலாய்டு குறையும். அது மூளையிலேயே தங்கிவிடுவதால் வெளியே வருவது குறைகிறது. அதனால் இரண்டையும் அளந்து விகிதம் பார்க்கும்போது விடை இன்னும் தெளிவாகிறது.

2024-ல் ஸ்வீடனில் மறதி என்று டாக்டரிடம் வந்த 1,213 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வழக்கமான பரிசோதனைகளை வைத்துப் பொது மருத்துவர்கள் 100-க்கு 61 பேருக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். மறதி நோய் நிபுணர்கள் 73 பேருக்குச் சரியாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை சுமார் 91 பேருக்குச் சரியாகச் சொன்னது.

2025 மே மாதம், அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் பரிசோதனை அது.

100-க்கு 92 என்றால் என்ன அர்த்தம்?

அந்த அனுமதிக்காக 499 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். "இருக்கிறது" என்று வந்தவர்களில் 100-க்கு சுமார் 92 பேருக்கு உண்மையிலேயே மூளையில் படிவு இருந்தது. "இல்லை" என்று வந்தவர்களில் 100-க்கு 97 பேருக்கு உண்மையிலேயே இல்லை. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இருக்கிறது, இல்லை என்று எதுவுமே சொல்ல முடியவில்லை.

கணக்குத் தெரிந்த நம் பெண்களுக்கு இது புரியும். "இருக்கிறது" என்று வந்த 100 பேரில் 8 பேருக்கு உண்மையில் இல்லை. அதனால்தான், இந்த முடிவை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது, டாக்டர் செய்யும் மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அந்த நிர்வாகமே சொல்லியிருக்கிறது.

இன்னும் சில விஷயங்களையும் மனசில் வைக்க வேண்டும்.

1. ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை. நன்றாக இருப்பவர்கள் "எதுக்கும் பாத்து வச்சுக்கலாம்" என்று எடுப்பதற்கு இல்லை. மூளையில் படிவு இருந்தும் கடைசிவரை மறதி நோய் வராமலே வாழ்ந்து முடிக்கிறவர்கள் உண்டு.

2. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ரத்தத்தில் பி-டாவ் கூடுதலாகக் காட்டும். சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்கள் நம் ஊர்களில் நிறைய. இதைக் கவனிக்காமல் முடிவைப் படித்தால் தப்பாகப் போகும்.

3. இது அல்சைமர் வகைக்கு மட்டும்தான். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மறதியைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

4. முடிவு தெரிந்தாலும் நோயை முழுசாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகனமேப் என்ற மருந்து அமிலாய்டைக் கரைக்கிறது. 18 மாத ஆய்வில் நோய் முற்றும் வேகம் சுமார் கால்வாசி குறைந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

ஆகவே, யாராவது முகாம் போட்டு, "ஒரே ரத்தப் பரிசோதனையில் மறதி நோய் வருமா வராதா என்று சொல்லிவிடுவோம்" என்றால் நம்ப வேண்டாம். அதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டு யாராவது வந்தால், முதலில் அரசு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் நாம் என்ன செய்வது?

நம் கைக்கெட்டும் தூரத்திலேயே செய்ய வேண்டிய வேறு ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. மறதி என்று வருகிற எல்லோருக்கும் அல்சைமர் இருக்காது. தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டால் மறதியும் மந்தமும் வரும். வைட்டமின் பி 12 குறைந்தாலும் வரும். மனச்சோர்வு இருந்தாலும் மறதி நோய் மாதிரியே தெரியும். புருஷன் இறந்த பிறகு ஒரு அம்மா எதிலும் பிடிப்பில்லாமல், எதையும் ஞாபகம் வைக்காமல் உட்கார்ந்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சில மாத்திரைகளால் வரலாம். கீழே விழுந்து தலையில் அடிபட்டு, உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலும் வரலாம். இவற்றில் பலவற்றைக் குணப்படுத்த முடியும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால், குணமாகக்கூடிய ஒருவரைக் குணமாக்காமலே விட்டுவிடுகிறோம்.

ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மனநலப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ பார்ப்பார்கள். போகும்போது எப்போதிலிருந்து மறதி, என்னென்ன மாறியிருக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூடவே வீட்டில் பார்த்துக்கொள்கிறவரும் போக வேண்டும். பாட்டி டாக்டர் முன்னால் "எனக்கு ஒண்ணுமில்ல சாமி" என்று நன்றாகவே பேசிவிடுவார். நிலைமையைச் சொல்ல வேறு ஆள் வேண்டும்.

நம் பக்கத்து மாநிலத்துக் கிராமத்தில்

வெளிநாட்டில் நிர்ணயித்த அளவு நம் ஆட்களின் ரத்தத்துக்கு அப்படியே பொருந்துமா? இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. நம் ஊர் ஆட்களின் சாப்பாடு, படிப்பு, உழைப்பு எல்லாமே வேறு. அதனால் நம் நாட்டிலும் ஆய்வு வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆய்வு மையம், கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரா பகுதிக் கிராமங்களில் இந்த வேலையைச் செய்கிறது. 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 பேரைச் சேர்த்து, பல வருஷம் தொடர்ந்து கவனிப்பது திட்டம். ஞாபக சக்தியைச் சோதிக்கிறார்கள், ரத்தமும் எடுக்கிறார்கள், ஸ்கேனும் எடுக்கிறார்கள். நம்மைப் போல வயல் வேலை செய்கிற ஜனங்கள் கொடுக்கும் ரத்தம்தான், நாளைக்கு நமக்கான சரியான அளவைச் சொல்லப்போகிறது.

இன்றைக்கே செய்யக்கூடியது

2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகத்தில் வரும் மறதி நோயில் கிட்டத்தட்ட பாதியை, அதாவது 100-க்கு 45-ஐத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அது. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தலையில் அடிபடுவது, புகை, மது, காற்று மாசு, தனிமை, மனச்சோர்வு, உடல் உழைப்பு இல்லாமை, அதிக எடை, படிப்பு இல்லாமை ஆகியவைதான் அந்தக் காரணங்கள்.

இதில் பலவற்றுக்கு நம்மிடமே வழி இருக்கிறது. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலர்களில் நம் சுய உதவிக் குழுப் பெண்களும் இருக்கிறார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட வையுங்கள். கண் முகாம் வந்தால் பாட்டியையும் கூட்டிப் போங்கள். காது மந்தம் என்றால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். வயதான உறுப்பினரால் சேமிப்பு கட்ட முடியவில்லை என்றாலும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். நாலு பேரோடு பேசிச் சிரிப்பதும் மூளைக்கு நல்லது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவிலோ உறுப்பினர் வீடுகளிலோ, மறதி கூடிக்கொண்டே போகிற பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா? டாக்டரிடம் காட்டியாயிற்றா?

2. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் யார்? வாரத்தில் ஒரு அரை நாளாவது அவருக்கு ஓய்வு கிடைக்க, அக்கம்பக்கத்தில் யார் வந்து உட்காரலாம்?

3. மறதி உள்ள உறுப்பினரின் சேமிப்பு, கடன் கணக்கை எப்படிக் காப்பது? அவருக்கு நம்பிக்கையான ஒருவர் முன்னிலையில் வரவு செலவு எழுதி, பாஸ்புத்தகத்திலும் உடனே பதியலாம். கைரேகை வாங்குவதென்றால் ஊக்குநரும் பிரதிநிதியும் கூட இருக்கட்டும். வீட்டிலோ வெளியிலோ யாரும் அவரை ஏமாற்றிவிடக் கூடாது.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

ரத்தப் பரிசோதனை நம் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வர இன்னும் நாளாகும். மறந்துபோன பாட்டியைத் திட்டாமல், டாக்டரிடம் கூட்டிப் போக நாளாக வேண்டியதில்லை. இந்த வாரமே போய் வாருங்கள்.